கட்டை ஸ்பிரிங் முன்னாடி

வண்டியின் உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள். அது காலேஜ் பையன்கள் செய்கிற வேலை. காரைத் தரையோடு தரையாக இறக்கி, சைலன்சரை மாற்றி, தெருவையே எழுப்பிக்கொண்டு போவார்கள். எழுபதைத் தாண்டிய ஆள், அதுவும் ஆயுசெல்லாம் லாரி ஓட்டின ஆள், வந்து அதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

"என்னங்கய்யா, ரேஸுக்குப் பேரு குடுத்துட்டீங்களா?" என்றார் பட்டறைக்காரர்.

அவர் வண்டிச் சாவியை நீட்டினார். காரணம் சொன்னால் இந்த ஆள் அதையும் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு 'ரெண்டுதரம்' என்று ஒரு பட்டப்பேர் உண்டு. பூட்டைப் பூட்டிவிட்டு ரெண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். பெட்ரோல் போடும்போது மீட்டரை ரெண்டு தரம் பார்ப்பார். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்பார். முகத்துக்கு நேரே யாரும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் அவர் மனைவியைப் பற்றியது. அந்த அம்மாளுக்கு இடுப்பு மூட்டில் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள், சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்கினாள், அவரைத் திட்டினாள். எல்லாம் பழையபடி. கார் ஏறுவது மட்டும்தான் முடியவில்லை. மகன் வாங்கிக் கொடுத்த கார் அது. பெரிய ஆள் உயரத்துக்கு நிற்கும். உயரமாக இருந்தால்தான் கௌரவம் என்று எவனோ அவன் தலையில் ஏற்றிவிட்டிருந்தான். மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவளைத் தூக்கித்தான் சீட்டில் வைத்தார்கள். புடவை முழங்காலுக்கு மேலே போய்விட்டது. எதிர்வீட்டு மாடியில் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அதில் ஒருத்தி காலை மடக்கும்மா, மடக்கும்மா என்று மேலேயிருந்து யோசனை வேறு சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்து, அதேபோல இறக்கிவிடப்பட்டு, கட்டிலில் உட்கார்ந்த பிறகு அந்த அம்மாள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"மூட்டையக்கூட இதைவிட மரியாதையா ஏத்துவாங்க."

அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் வாசல் தாண்டவில்லை. பயிற்சி சொல்லித் தருகிறவரை வீட்டுக்கே வரவழைத்தார்கள்.

அப்படியே இருந்திருந்தால் காலம் ஓடியிருக்கும். ஆனால் அவளுடைய அக்கா உடம்பு முடியாமல் படுத்துவிட்டாள். அரை நாள் பயணத்தில் இருக்கிற ஊர். தினமும் அக்காவின் மகள் போன் போட்டு அக்காவின் காதில் வைப்பாள். இவள் சமையலறையில் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவாள். முதலில் ரெண்டு பேரும் சண்டை போட்டார்கள், சிரித்தார்கள். பிறகு இவள் மட்டும் பேசினாள். பிறகு இவள் 'ம்' கொட்டுவது மட்டும் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து மூச்சுதான் வருகிறதோ என்னவோ. போனை வைத்துவிட்டுக் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வாள். என்னை அழைத்துக்கொண்டு போங்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கோபமாவது வந்திருக்கும். கேட்காததுதான் அவரைப் பிடுங்கித் தின்றது.

சும்மா இருக்கவில்லை அவர். பலகை போட்டுப் பார்த்தார். பலகை மேல் ஒரு காலை வைத்ததும் மற்ற காலைத் தூக்க அவளுக்குப் பயம். வாடகைக் கார் கொண்டுவந்தார். அது தாழ்ந்த வண்டி. உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போனது. அப்படி உட்காரவே கூடாது, போட்ட மூட்டு கழன்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரெண்டு டாக்டரும் சொல்லியிருந்தார்கள். ஆக, உயரமும் ஆகாது, பள்ளமும் ஆகாது. சமையலறை ஸ்டூல் உயரம்தான் அவளுக்குச் சரி. அதில் யார் துணையும் இல்லாமல் உட்காருகிறாள், எழுந்திருக்கிறாள். ஒரு விளக்குமாற்றுக் கட்டையை ஸ்டூல் உயரத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு போய்க் காரின் முன்சீட்டில் வைத்துப் பார்த்தார். சீட்டு ரெண்டு விரற்கடை உயரமாக இருந்தது. ரெண்டே விரற்கடை. டிரைவர் சீட்டை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. பக்கத்து சீட்டுக்கு அது கிடையாது. செய்தவனுக்குப் பெண்டாட்டி இல்லை போலிருக்கிறது. பின்சீட்டில் காலை நீட்ட இடமில்லை. முன்சீட்டைப் பின்னால் தள்ளி, சாய்த்து, காலை நீட்டித்தான் அவள் உட்கார வேண்டும்.

லாரியாக இருந்தால் அடுக்கடுக்கான பட்டைகளில் அவரே ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங்கைக் கட்டியிருப்பார். காரில் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதை அறுக்கக் கூடாது, அறுத்தால் குதிரை மாதிரி உதைக்கும் என்று மருமகன் சொன்னார். அளவாக இறக்குவதற்கென்றே வெளியில் தனியாக ஸ்பிரிங் செய்து விற்கிறார்களாம். மருமகனே தேடிக் கொடுத்தார். பார்சல் வந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்த நாலு ஸ்பிரிங். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர், இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது.

ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரும்புக்கு எதற்கு ஸ்டிக்கர்? கீறல் இருந்தால் மேலே எதையாவது ஒட்டி மறைப்பது அவர் பார்க்காததா? மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்து நாலு ஸ்டிக்கரையும் உரித்துப் போட்டார். கீறல் ஒன்றுமில்லை. அது சந்தோஷம்தான். ஆனால் எது முன்சக்கரத்துக்கு, எது பின்சக்கரத்துக்கு என்று எழுதியிருந்ததும் போய்விட்டது. கடைக்காரனுக்குப் போன் போட்டார். ரெண்டு கட்டையாக இருக்கும், ரெண்டு கொஞ்சம் நெட்டையாக இருக்கும், கட்டை முன்னாடி, நெட்டை பின்னாடி என்றான் அவன். இவர் மறுபடியும் கேட்டார். அதையேதான் மறுபடியும் சொன்னான். ரெண்டு தரமும் ஒரே வார்த்தை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று போனை வைத்தார்.

பட்டறையில் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டுகிற பட்டறைகள் எத்தனையோ அவர் பார்த்திருக்கிறார். பட்டறைக்காரர் ஜாக்கி வைக்கிற நேரத்தில் இவர் ஸ்பிரிங்குகளைக் காட்டிச் சொன்னார்:

"தம்பி, கட்டையா இருக்கிறதை முன்னாடி போடு. நெட்டையைப் பின்னாடி போட்டுக்கலாம்."

"சரிங்கய்யா."

அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் இவர் கண் ஸ்பிரிங் பக்கமே போகவில்லை. கழற்றிய நட்டுகளை ஒரு தட்டில் போட்டு வைத்திருந்தார்கள்; அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டு உருண்டு போனபோது குனிந்து அவரே எடுத்துப் போட்டார். பட்டறைக்காரர் ஒரு தடவை நிமிர்ந்து, தங்க நட்டு இல்லீங்கய்யா, இரும்புதான் என்றார். இரும்புதான் காணாமப் போகும், தங்கத்தைப் பத்திரமா வச்சுக்குவாங்க என்றார் இவர்.

வேலை முடிந்து ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றால், நாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. பின்புறம் தரையைத் தேடிப் போய்விட்டது. முன்புறம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. அவர் எழுந்து போய், கையோடு கொண்டுவந்திருந்த விளக்குமாற்றுக் கட்டையை வைத்துப் பார்த்தார். முன்சீட்டு இறங்கவில்லை, இருந்ததற்கும் மேலே ஒரு விரல் ஏறியிருந்தது.

அவருக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டை ஸ்பிரிங்கைத் தூக்கிப் பின்சக்கரத்தில் போட்டிருக்கிறாயே, கண் இருக்கிறதா, இல்லையா என்று கேட்டார். பட்டறைக்காரருக்கும் சுள்ளென்று ஏறிவிட்டது.

"நீங்கதானே கட்டையை முன்னாடி போடுன்னீங்க."

"ஆமா. முன்னாடி போடுன்னேன். நீ எங்க போட்ட?"

"முன்னாடிதான் போட்டேன். முதல்ல அதைத்தான் போட்டேன். அப்புறம்தான் நெட்டையை எடுத்தேன்."

அந்த ஆளின் பழக்கம் அப்படி. பின்பக்கத்து ஸ்பிரிங் தனியாக நிற்கும், சக்கரத்தைத் தாழ்த்தினாலே கையில் வந்துவிடும். முன்பக்கத்து ஸ்பிரிங் ஷாக்கப்சரோடு பின்னிக்கொண்டு இருக்கும்; அதைக் கவ்வி போட்டு நெரித்து எடுக்க வேண்டும். அதனால் எந்த வண்டி வந்தாலும் சுலபமான பின்பக்கத்தில்தான் தொடங்குவார். கட்டையை முன்னாடி போடு என்றால் முதலில் போடு, நெட்டையைப் பின்னாடி போட்டுக்கொள்ளலாம் என்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம். அவர் கேட்டது அப்படி. இவர் சொன்னது இப்படி. அளவு சரியில்லையே என்று தோன்றவில்லையா என்று கேட்டதற்கு, தோன்றியது, ஆனால் வண்டி உங்களுடையது, என்ன கூத்துக்கோ கேட்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றார் பட்டறைக்காரர். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டியை ஆசைப்பட்டுக் கேட்கிறவனும் இருக்கிறானாம்.

ஸ்கூட்டர் வேலைக்காக வந்து காத்திருந்த ஒருவர், யோசித்துப் பார்த்தால் ரெண்டு பேர் சொல்வதும் சரிதான் என்றார். ரெண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டார்.

மறுபடி பிரித்துப் போட வேண்டும். உடனே முடியாது, வரிசையில் வேறு வண்டி நிற்கிறது என்று பட்டறைக்காரர் முறுக்கிக்கொண்டார். கெஞ்சத் தெரியாத ஆள் இவர். அந்தக் கோலத்திலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஓட்டும்போது ரோடு தெரியவில்லை, பானெட்தான் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசலில் நிறுத்தியபோது மனைவி ஜன்னலில் நின்றிருந்தாள். உள்ளே போன் அடித்தது. அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் 'ம்' என்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அதற்கிடையில் மகன் போன் போட்டான். யார் சொன்னார்களோ. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றினால் இனி வண்டிக்கு எது வந்தாலும் கம்பெனிக்காரன் பார்க்க மாட்டான், என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சத்தம் போட்டான். கேட்டிருந்தால் ஒரு மாதம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றிருப்பான். இவர் போனை மகளிடம் கொடுத்துவிட்டு, உங்க அண்ணனுக்கு வண்டிமேல அக்கறை ஜாஸ்தி என்றார். மகள் அதை அப்படியே சொல்லவில்லை, நல்ல பெண்.

இரண்டாம் தடவை பட்டறைக்குப் போனபோது ரெண்டு பேரும் அந்த ரெண்டு வார்த்தையையும் வாயில் எடுக்கவில்லை. மூஞ்சிப் பக்கம், டிக்கிப் பக்கம் என்றுதான் பேசிக்கொண்டார்கள். இந்தத் தடவை இவர் நாற்காலியில் உட்காரவில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பட்டறைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி மாட்டினார். இறக்கினார்கள். வண்டி நேராக நின்றது. கட்டையை வைத்துப் பார்த்தார். ரெண்டு விரல் இறங்க வேண்டியது, ஒரு விரல்தான் இறங்கியிருந்தது.

"புது ஸ்பிரிங்குய்யா. ஓட ஓடத்தான் உட்காரும்."

"எப்ப உட்காரும்?"

"அது ஸ்பிரிங்கைத்தான் கேக்கணும்."

இந்தப் பதிலைக் கேட்டு அவருக்கு வந்த ஆத்திரத்தை வண்டியில்தான் காட்டினார். காலையிலும் மாலையிலும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்த ரோடு மோசம் என்று விசாரித்து விசாரித்து அதில் போனார். லாரி ஓட்டிய காலத்தில் பள்ளத்தைத் தப்பித்துத் தப்பித்து ஓட்டிய கை, இப்போது தேடித் தேடி விட்டது. இடுப்பு விட்டுப்போனது அவருக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் கட்டையை எடுத்து வைத்துப் பார்ப்பார். அரை நூல் இறங்கியது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். தரை சமமில்லையோ என்று வண்டியைத் தள்ளி நிறுத்தி இன்னொரு தடவை பார்ப்பார். மகள் ஒருநாள், அப்பா அது கட்டை, தெர்மாமீட்டர் இல்லை, நிமிஷத்துக்கு ஒரு தடவை வைத்துப் பார்க்காதீர்கள் என்றாள்.

முழுசாக ரெண்டு விரல் இறங்கட்டும், பிறகு மனைவியைக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தார். பாதியில் கூப்பிட்டு, அவள் உட்கார முடியாமல் நின்று, எதிர்வீட்டு மாடியில் கூட்டம் கூடினால், அப்புறம் இந்த ஜென்மத்தில் அவள் வண்டிப் பக்கம் வர மாட்டாள். ஆனால் ஒருநாள் காலையில் அக்காவின் மகள் போன் பண்ணி, அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள், கண் திறந்தால் வாசலைப் பார்க்கிறாள் என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு மனைவி கத்தரிக்காயை எடுக்கவில்லை. எழுந்து போய் வெளியே கட்டுகிற புடவையை எடுத்து மகளிடம் கொடுத்து, மடிப்பை எடுத்துவிடச் சொன்னாள்.

அவர் ஓடிப்போய்க் கட்டையை வைத்துப் பார்த்தார். இன்னும் அரை விரல் பாக்கி இருந்தது. அந்த அரை விரலை அவளிடம் சொல்லவில்லை. முன்சீட்டைக் கடைசிவரை தள்ளினார், சாய்த்தார், கதவை விரியத் திறந்து வைத்தார்.

அவள் வாக்கரோடு வந்து நின்றாள். சீட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"பிடிச்சுக்க ஆளு வேணாமா?"

"வேணாம். திரும்புங்க."

மகளையும் திரும்பச் சொன்னாள். அப்பாவும் மகளும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்பாத மனுஷன், சுவரில் பெயின்ட் உரிந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாக்கர் நகருகிற சத்தம் கேட்டது. புடவை உரசுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அம்மா என்று மகள் மெதுவாகக் கூப்பிட்டாள். திரும்பிவிடலாமா என்று அவருக்குக் கழுத்து துடித்தது. அப்போது வண்டி லேசாக முனகியது. ஒரு பெருமூச்சு வந்தது, அது வண்டியுடையது இல்லை. கால் ஒன்று உள்ளே போனது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"கதவைச் சாத்துங்க. வெயில் ஏறுது" என்றாள் அவள்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். அவள் காலை நீட்டி, மடியில் கையை வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு நுனியில் வியர்வை. அவர் சுற்றிக்கொண்டு போய் ஏறினார். மகள் வாக்கரை டிக்கியில் போட்டு, பையும் தலையணையுமாகப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

தெருமுனைக்கு வந்தார்கள். அங்கே வேகத்தைக் குறைக்க சிமென்டில் ஒரு மேடு போட்டிருந்தார்கள். போட்டவன் எதிரியைக் கொல்லப் போட்ட மாதிரி போட்டிருந்தான். இத்தனை நாளும் அவர் தனியாகத்தான் வந்தார். மூஞ்சிப் பக்கம் மயிரிழையில் தப்பிக்கும். இன்று ஆளும் பையுமாக வண்டி அமுங்கி வந்தது. முன்சக்கரம் மேட்டைத் தாண்டியதும் அடிவயிற்றில் கர்ரென்று இழுத்தது. நிறுத்திவிட்டார். வண்டி மேட்டின் மேல் படுத்துக்கொண்டது.

மகள் இறங்கினாள். பையையும் இறக்கினாள். கொஞ்சம் எழும்பியது, போதவில்லை. அவர் இறங்கிக் குனிந்து பார்த்தார். சிமென்டுக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு காகிதம்கூடப் போகாது. இன்னும் ஒரு ஆள் இறங்கினால் தாராளமாகப் போகும். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அவர் முன்சீட்டு ஜன்னலுக்கு வந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ ஒரு நிமிஷம் இறங்கினா..."

"நான் இறங்க மாட்டேன்."

"அடியில உரசும். ஆயில் தொட்டி இருக்குது அங்க."

"உரசட்டும்."

"கிழிஞ்சா நடுவழியில நின்னுடும்."

அவள் திரும்பி அவரைப் பார்க்கவில்லை. எதிரே ரோட்டைத்தான் பார்த்தாள்.

"நின்னா நிக்கட்டும். நின்ன இடத்துல இருந்து பாத்துக்கலாம். ஏறுங்க."

ஸ்பிரிங்கை அனுப்பியவன், மாட்டியவன், மேடு போட்டவன், காரை உயரமாகச் செய்தவன் என்று ஒருத்தரை விடாமல் வாய்க்குள் திட்டிக்கொண்டே ஏறினார். முதல் கியரைப் போட்டார். கிளட்சை விட்டார். இரும்பு சிமென்டில் கிழிபடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. மாடியில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பின்சக்கரம் ஏறி, இறங்கி, வண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். ரோட்டில் ஏதாவது ஒழுகியிருக்கிறதா என்று பார்த்தாயா என்று அவர் கேட்டார். பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றாள். நன்றாகப் பார்த்தாயா என்று மறுபடி கேட்டார்.

"போங்க" என்றாள் மனைவி.